மாப்பிள்ளையின் மடக்கு மேசை

மாப்ளே, மேசை வாங்கியிருக்கியாமே? எங்கக்கா போன்ல சொல்லிச்சு. "எம்புள்ள ஒரு மேசை வாங்கியாந்திருக்கான்டா. அதுல சோத்துத் தட்டு வைக்கக் கூடாதாம், துணி மடிக்கக் கூடாதாம், பேரப்புள்ள ஏறி உக்காரக் கூடாதாம். அப்ப எதுக்குடா அது?"ன்னு கேட்டுச்சு. "அது போக்கர் மேசைக்கா, அதுல வைக்கிறதுக்கு மானம் மட்டும் போதும்"னு சொல்லி வச்சேன். எங்கக்கா நம்பிடுச்சி. ஒன்னைப் பெத்தவளாச்சே, ஒன்னைத் தெரியாதா அதுக்கு.

இப்ப அந்த மேசைக்கு அலங்காரம் பண்ணப் போறியாம். துணி மாத்தணுமாம், சுத்தி மெத்தை வைக்கணுமாம், லைட்டு எரியணுமாம், நடுவுல ஒம்பேரு வரணுமாம். பேஷ். இந்த விசயத்துல யாருகிட்ட யோசனை கேக்கறதுன்னு நீ அலைய வேணாம். பாதி ஆயுசு சாமியானா, பந்தி மேசை, இரும்பு நாற்காலி வாடகைக்கு வுட்டவன் நான். திருக்கழுக்குன்றம் சுத்துப்பட்டுல எந்தக் கல்யாணத்துல எந்த மேசை எத்தினி பேரைக் கவுத்துச்சின்னு எனக்குத்தான் தெரியும். மடக்கு மேசைன்னாலே நான் மொதல்ல குனிஞ்சி காலைத்தான் பார்ப்பேன். அது மரியாதையினால இல்ல.

காலுக்கு அப்பால வர்றேன். மொதல்ல அளவு. நாலடி எட்டுமூலை மேசை, எட்டு பேரு உக்காரலாம்னு பொட்டி மேல போட்டிருக்கான். பொட்டி மேல போடறவன் உக்காந்து பாத்தா போடுவான்? கணக்குப் போடு. ஒரு பக்கத்துலேர்ந்து எதிர்ப்பக்கம் நாலடின்னா, ஒவ்வொரு பக்கத்து நீளமும் 20 அங்குலத்துக்கு ஒரு நூல் கம்மியா வரும். நான் பந்தியில ஆறடி மேசைக்கு மூணு எல தான் போடுவேன், ஆளுக்கு ரெண்டடி. அதுலயே பொண்ணு வூட்டுக்காரன் முழங்கை மாப்ள வூட்டுக்காரன் பாயசத்துல போயி நின்னிருக்குது. ஒங்கூட்டாளிங்களோ மறைமலை நகர்ல ஏசி ரூம்ல உக்காந்து உக்காந்து அகலத்துல வளர்ந்தவனுங்க. ஆறு பேரை உக்கார வை. மிச்சம் ரெண்டு பேரு நின்னுகினு யோசனை சொல்லட்டும், எந்த ஆட்டத்துக்கும் அப்படி ரெண்டு பேரு தேவை. இல்ல, எட்டு பேரு உக்காந்தே தீரணும்னா, ஏழடி நீளம் மூணரையடி அகலத்துல முட்டை வடிவப் பலகை வெட்டிக்க. எட்டுக்கு நாலு ப்ளைவுட்டு ஒரு ஷீட்டுலயே வந்துடும். ஒங்கூடத்துல அதைப் போட்டா சோபா வாசல்ல நிக்கும்ங்கிறது வேற சங்கதி.

இப்ப காலு. நடுமேசையில, காசுக்குப் பதிலா வைக்கற வில்லையை ஒண்ணு மேல ஒண்ணா இருபது அடுக்கி வச்சிட்டு, ஓரத்துல ஒரு விரலை வச்சி ஆட்டிப் பாரு. சரிஞ்சா, நீ துணி மாத்தறதுக்கு முன்ன பண்ண வேண்டிய வேலை கீழ இருக்குது. காலை விரிச்சதும் குறுக்கால ஒரு கம்பி நிமிருது பாரு, அதுமேல ஒரு வளையம் எறங்கிப் பூட்டிக்கணும். பாதி மடக்கு மேசைங்க கவுந்ததுக்குக் காரணம் அந்த வளையம் பாதியில நின்னதுதான். துரு புடிச்சி எறங்காது, இல்ல தேஞ்சி தொளதொளன்னு நிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேச்சி, ஒரு சொட்டு எண்ணெ வுடு. நட்டுக்கடியில ஸ்பிரிங் வாஷர் போடு. அடியில ரப்பர் புஷ் நாலும் ஒரே ஒசரமா பாத்து மாத்து. இத்தினிக்கும் ஆவற செலவு நீ போன வாரம் தோத்ததுல கால்வாசி கூட இருக்காது. ஆனா இதைச் செஞ்சா போட்டோ எடுத்துப் போட முடியாது, அதான் கஷ்டம்.

இன்னொண்ணு, காலு எங்க முளைக்குதுன்னு பாரு. மேசைக்கு நடுப்பக்கமா தள்ளி முளைச்சிருந்தா, ஒங்கூட்டாளி ஒருத்தன் ஓரத்தை அமுக்கி எழுந்திருக்கறப்ப மறுபக்கம் தூக்கிக்கும். தோத்துப்போனவன் எப்பவும் அமுக்கித்தான் எழுந்திருப்பான். காலை நாலு விரக்கட வெளிய தள்ளி, அடியில ஒரு ரீப்பர் கட்டை வச்சி முடுக்கச் சொல்லு.

அப்பறம் நடுவுல இருக்கற மடிப்பு. மடக்கு மேசையோட பாவமே அங்கதான் இருக்குது. ரெண்டு பலகையும் சேர்ற எடத்துல அரிசி மணி நுழையற சந்து இருக்கும், ஒரு பலகை ஒரு நூல் ஒசந்தும் நிக்கும். சீட்டைத் தள்ளி வுட்டா அங்க போயி மூக்கை முட்டிக் குப்புறக் கவுந்து, இஸ்பேடு ராணி எல்லாருக்கும் முகம் காட்டும். கீலு நாலு ஸ்க்ரூல தொங்கினா பத்தாது. பித்தளைக் கீலு, மூணு எடத்துல. பலகையோட வெட்டு ஓரத்துல ரெண்டு மர முளை வச்சி, எதிர்ப் பலகையில அதுக்கு ஓட்டை போட்டா, விரிக்கறப்ப தானா ஒசரம் ஒத்துப்போவும். அடியில பொட்டிக்குப் போடற மாதிரி கொக்கித் தாழ்ப்பா ரெண்டு. பூட்டினா டக்குனு சத்தம் வரணும்.

ஒம்மேசை மடிஞ்சா காலெல்லாம் உள்ள போயி, துணி வெளிய வர்ற ரகமாமே? அப்ப நீ ஆடற நேரத்துல இல்ல, ஆடாத நேரத்துலதான் துணி கெடும். கதவு மூலையில சாத்தி வைப்ப, ஒட்டடை அது மேல, பல்லி அது மேல, எங்கக்கா காயப்போட்ட ஈரத்துண்டு அது மேல. பழைய போர்வையில ஒரு உறை தைச்சிப் போடு. தையக்கூலி குடுக்க மனசு வராட்டி, ஒம்பொஞ்சாதி கல்யாணப் பட்டுப்புடவையைச் சுத்தி வச்சிருக்கற வேட்டியைக் கேட்டுப் பாரு. கேட்டுட்டு இன்னா நடந்துச்சின்னு எனக்கும் சொல்லு.

துணிக்கு வருவோம். ஒனக்கு அதுதான உசுரு. இப்ப ஒட்டியிருக்கறது பச்சை வெல்வெட்டு மாதிரி ஒண்ணு. அது காபியைக் குடிக்கும், வேர்வையைக் குடிக்கும், சீட்டைப் புடிச்சி நிறுத்தும். சூதாட்ட விடுதியில போடறது பாலியஸ்டர் துணி, தண்ணி ஒட்டாத பூச்சு பூசினது. அதுல சீட்டு வழுக்கிகினு போவும், காபி கொட்டினா முத்து முத்தா நிக்கும், துண்டால ஒத்தி எடுத்துடலாம். அதுக்கடியில கால் அங்குல நொரை ஷீட்டு. கவனி, மெத்தைக்கடை ஸ்பாஞ்சு இல்ல. அந்த ஸ்பாஞ்சு தண்ணியை உறிஞ்சும், ஐப்பசி மழைக்குப் பூஞ்சை புடிச்சி, மேசையைத் தொறந்தா பழைய மெத்தை வாடை அடிக்கும். கண்ணு மூடின நொரைன்னு கேளு, செருப்புக்கு அடியில போடறாங்களே, அந்த ரகம். அழுத்தினா அமுங்கணும், கையை எடுத்தா எழும்பணும். அப்பதான் தட்டையா கெடக்கற சீட்டு ஓரத்துல நகத்தை வச்சிக் கிளப்ப முடியும்.

ஒட்டறதுக்கு முன்னாடி பலகையைப் பாரு. அழுத்தின தூள் பலகையா இருந்தா கடல்காத்து சும்மா வுடாது. நாம கடலைப் பார்க்கலைன்னாலும் அது நம்மைப் பார்த்துகினுதான் இருக்குது. சதுரங்கப்பட்டினத்துலேர்ந்து இங்க வர அதுக்குப் பஸ்ஸு வேணாம். தூள் பலகை ஓரம் உப்பி, பூரி ஆயிடும். ப்ளைவுட்டு வாங்கறதா இருந்தா ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்கு, அது கடல் ரகம். 18 மி.மீ. கனம் போதும். மடக்கித் தூக்கணும்னா 12 மி.மீ. போட்டு அடியில சட்டம் அடி, இல்லாட்டி தூக்கறதுக்கு என்னாட்டம் நாலு கிழவனைக் கூப்புடுவ. துணி அடிக்கற பின்னு துருப்புடிக்காத எஃகுல கேளு. இரும்புப் பின்னுன்னா அடுத்த பொங்கலுக்குள்ள துணி ஓரமெல்லாம் காவிப் புள்ளி.

அடிக்கறப்ப நடுவுலேர்ந்து ஆரம்பி. ஒரு பக்கம் நடுவுல ஒரு பின்னு, இழுத்து எதிர்ப்பக்கம் நடுவுல ஒரு பின்னு, அப்பறம் மூலைக்குப் போ. மூலையிலேர்ந்து ஆரம்பிச்சா நடுவுல சுருக்கம் நிக்கும், அதை ஆயுசுக்கும் தடவிகினே இருப்ப. ரெண்டு பலகையும் மடியறதால துணியும் ரெண்டு துண்டுதான், ஒவ்வொண்ணும் வெட்டு ஓரத்துல உள்ள திரும்பி அடங்கணும். ஒரே துணியா போத்தினா மடிக்கறப்ப இழுபட்டு, விரிக்கறப்ப நடுவுல கூடாரம் கட்டும்.

இவ்வளவும் வேணாம்னா குறுக்கு வழி ஒண்ணு இருக்குது. கம்ப்யூட்டர் எலி ஓடற அட்டை மாதிரியே பெரிய ரப்பர் பாய் விக்குது, மேல துணி, கீழ ரப்பர், சுருட்டி வச்சிக்கலாம். மேசைமேல விரிச்சா சந்தும் மறையும், மேடு பள்ளமும் மறையும். ஆட்டம் முடிஞ்சா சுருட்டி பீரோ மேல. அப்பறம் மேசை வூட்டுக்கு, பாய் ஒனக்கு. எங்கக்கா அதுல அப்பளம் காயப்போடும். இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தா நீ மிச்சத்தைக் கேட்டிருப்பியா?

சுத்தி மெத்தை வைக்கற வேலைக்கு நீ செங்கல்பட்டுக்கோ மெட்ராசுக்கோ ஓடாத. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ சீட்டு தைக்கறவரு இருப்பாரு பாரு, அவருகிட்ட போ. ரெக்சினை வளைவுல இழுத்து, சுருக்கம் இல்லாம பின்னு அடிக்கற கைவேலையில அவருக்கு மேல ஆளு கெடையாது. ஆனா முழுசா அவருகிட்ட வுட்டுடாத, வுட்டா ஓரத்துல மயில் படமும் "அம்மா துணை"யும் தச்சிக் குடுத்துடுவாரு. யோசிச்சிப் பாத்தா, நீ ஆடற ஆட்டத்துக்கு அந்தத் துணை தேவைதான்.

கப்பு வைக்க ஓட்டை போடணும்னு வேற சொன்னியாம். பத்து ஓட்டை, பத்து ஸ்டீல் கிண்ணம். அதெல்லாம் நெட்டை டப்பா குடிக்கற ஊருக்கு வெட்டின அளவு மாப்ளே. நம்ம வூட்டு காபி டம்ளரை உள்ள எறக்கினா விளிம்பு வரைக்கும் முங்கிப் போவும். எடுக்க ரெண்டு விரல் உள்ள போவாது, விளிம்பைப் புடிச்சா சுடும், கவுத்தாத்தான் வெளிய வரும். டவராவோட வைக்கலாம்னா டவரா ஓட்டைக்கு மூடியா நிக்கும். அதோட, ஓரத்துல பத்து ஓட்டை வெட்டினா பலகை அந்த எடத்துல பலம் கொறைஞ்சிடும், எவனாவது அமுக்கி எழுந்தா அங்கதான் வெடிக்கும். ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு முக்காலி போடு, டம்ளர் அதுல இருக்கட்டும். ஒரே ஒரு ஓட்டை மட்டும் வேணா போடு, வடக்குப் பக்கம். எம்பொடி டப்பாவுக்கு சரியா இருக்கும்.

லைட்டு சங்கதி. மெத்தைக்கடியில நீலக் கலர்ல ஓடணுமாம். ஓடட்டும். பிளாஸ்டிக் சீட்டு மேல கீழயிருந்து வெளிச்சம் அடிச்சா பளபளக்கும், நம்பர் தெரியாது. ஆனா கையில சீட்டைத் தூக்கிப் புடிச்சிகினு கண்ணாடி போட்டவன் உக்காந்திருக்கான் பாரு, அவன் கண்ணாடியில அவன் சீட்டு எனக்குத் தெரியும். ஒங்கூட்டாளிங்க ஆறு பேருல நாலு பேரு கண்ணாடி. லைட்டு போடு மாப்ளே, தாராளமா போடு, செலவைப் பாக்காத. நான் எதிர்ல உக்காந்துக்கறேன்.

நடுவுல பேரு அடிக்கணும்ங்கிறயே, அதுக்கும் வழி இருக்குது. பாலியஸ்டர் துணின்னா சூடு வச்சி அச்சடிக்கற வேலைக்குத் தோதா இருக்கும், சாயம் நூலுக்குள்ளயே போயிடும், மேல தடவினா தட்டுப்படாது. பருத்தியில அது நிக்காது. சிங்கம், கிரீடம், கீழ ஒம்பேரு, "கிங்". நல்லாத்தான் இருக்கும். இந்த ஆசை ஒனக்கு மட்டும் வந்ததில்ல. நம்ம மலையில ஒருகல் மண்டபம் இருக்குதே, பல்லவன் பாறையைக் குடைஞ்சது, அங்க 17ஆம் நூற்றாண்டுல டச்சுக்காரனுங்க வந்து கல்லுல பேரை வெட்டி வச்சிட்டுப் போயிருக்கானுங்க. சதுரங்கப்பட்டினத்துல கோட்டை கட்டி மெல்லிசுத் துணி வாங்கி ஏத்தின வியாபாரிங்க. கப்பல் போச்சி, கோட்டை இடிஞ்சிச்சி, துணி வியாபாரமும் போச்சி, பேரு மட்டும் அப்படியே நிக்குது. மலை ஏறிவர்ற சனங்க அதுல முதுகைச் சாய்ச்சி மூச்சு வாங்கிட்டுப் போவுது, ஒருத்தரும் படிச்சதில்ல. ஒம்பேரு மேலயும் ஒங்கூட்டாளிங்க வில்லையைத்தான் அடுக்குவானுங்க. அதுவும் ஜெயிச்ச வில்லையை.

பக்கத்துல மாமல்லபுரத்துல 2022ல உலக செஸ் ஒலிம்பியாடு நடந்துச்சே, ஞாபகம் இருக்குதா? 44ஆவது. பூஞ்சேரி ஓட்டல்ல நூத்தம்பதுக்கு மேல நாட்டுக்காரங்க வந்து உக்காந்தாங்க. குகேஷ் தம்பி இந்தியாவோட ரெண்டாவது டீம்ல மொதல் பலகையில ஆடி, மொதல் எட்டு ஆட்டமும் வரிசையா ஜெயிச்சி, தங்கம் வாங்கிச்சி. ரெண்டு வருஷம் கழிச்சி சிங்கப்பூர்ல உலக சாம்பியனும் ஆயிடுச்சி. அந்தப் புள்ள மேசைக்கு நீல லைட்டு கேட்டதா நான் எந்தப் பேப்பர்லயும் படிக்கல. ஒன்னைக் கொறை சொல்லல, அது சின்னப் புள்ள, அதுக்கு இதெல்லாம் தோணியிருக்காது.

இப்ப முக்கியமான கணக்கு. இத்தினி செலவையும் எப்படி எடுக்கப் போற? ஒவ்வொரு ஆட்டத்துலயும் மேசைக்குன்னு பத்து ரூபா ஒதுக்கிடலாம்னு ஒங்கூட்டாளி ஒருத்தன் யோசனை சொன்னானாம். அவனைப் பக்கத்துல சேர்க்காத. 1930ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டத்துல பொதுச் சூதாட்ட வீடுன்னா இன்னான்னு எழுதியிருக்கான்: சீட்டு, பகடை, மேசை இதெல்லாம் வச்சி வூட்டுக்காரன் லாபம் பாக்கற எடம். மேசைன்னே போட்டிருக்கான் மாப்ளே, ஒன்னை மனசுல வச்சிகினே எழுதினவனாட்டம். 1968ல சுப்ரீம் கோர்ட்டு, செகந்திராபாத் கிளப்பு ஒண்ணோட வழக்குல, ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், விழற சீட்டை ஞாபகம் வச்சிக்கணும்னு சொல்லிச்சி. கிளப்பு சீட்டுக்குன்னு உறுப்பினர்கிட்ட நியாயமா ஏதோ வாங்கிக்கறதும் பரவால்லன்னுச்சி. ஆனா மூணு சீட்டு சுத்த அதிர்ஷ்டம்னுடுச்சி. போக்கரு எந்தப் பக்கம்ங்கிற சண்டை அப்பறம் வந்தது. நம்ம அரசாங்கம் 2022ல கொண்டாந்த ஆன்லைன் சூதாட்டச் சட்டத்துல ரம்மியையும் போக்கரையும் பேரு சொல்லிப் பட்டியல்ல போட்டுச்சி. 2023 நவம்பர்ல சென்னை ஐகோர்ட்டு, சட்டம் இருக்கட்டும், அந்த ரெண்டையும் பட்டியல்லேர்ந்து எடுங்கன்னுச்சி. 2025 ஆகஸ்டுல டில்லி, திறமையாவது அதிர்ஷ்டமாவது, காசு கட்டி ஆன்லைன்ல ஆடவே கூடாதுன்னு சட்டம் போட்டுச்சி. அதுக்கப்பறம்தான நீ மேசை வாங்கின? எங்கக்காவுக்குத்தான் புரியல, எனக்குப் புரியுது.

வக்கீலுங்க எந்தப் பக்கம் வேணா பேசட்டும். காசு வச்சி ஆடினா ஒருநா பேப்பர்ல "எட்டுப் பேர் கைது, ரொக்கமும் சீட்டுக்கட்டும் பறிமுதல்"னு நாலு வரி வரும். ஒன்னோடது மட்டும் அஞ்சாவது வரியும் சேர்ந்து வரும்: "நீல விளக்கு பொருத்திய மேசை ஒன்றும்." ஒம்பேரு நடுவுல அச்சடிச்சிருக்கறதால சாட்சியும் தேவைப்படாது.

அதனால சில்லறையை வூட்டு உண்டியல்ல போடு. வில்லைக்குப் புளியங்கொட்டை எடுத்துக்க. சிரிக்காத. நம்ம பொம்பளைங்க எந்தக் காலத்துலேர்ந்தோ அதை வச்சித்தான் பல்லாங்குழி ஆடுது. மடக்கு மேசைன்னு நீ பீத்திக்கிற, எங்காத்தா வச்சிருந்த பல்லாங்குழிக் கட்டையைப் பாத்திருக்கியா? பக்கத்துக்கு ஏழு, மொத்தம் பதினாலு குழி. நடுவுல கீலு, ஆடி முடிச்சதும் கொட்டையை உள்ளயே வச்சி மூடினா சின்னப் பொட்டி ஆயிடும். காலும் ஆடாது, துணியும் மாத்த வேணாம். கோயில் மண்டபத் தரையில ஆடுபுலிக் கட்டம் கீறி வச்ச ஆளுங்க இன்னும் கெட்டிக்காரங்க, மேசையே வாங்கல. மூணு புலி, பதினஞ்சி ஆடு, அந்தக் கட்டத்தை ஒருத்தனும் ஒடைக்க முடியாது, தவணையும் கட்ட வேணாம்.

ஒனக்கு ராயல் ஃப்ளஷ்ஷு விழணும்னு ஆசை. ஏழு சீட்டு போட்டு ஆடற ஆட்டத்துல அது 30,940 தடவைக்கு ஒரு தடவை விழும்னு கணக்கு. நம்மூரு சங்குதீர்த்தக் கொளத்துல பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு சங்கு பொறக்குதுன்னு ஊரே காத்துகினு இருக்குது. ஒங்கூட்டாளிங்க ஞாயித்துக்கெழமை மட்டும், ஒக்காந்தா இருபது கை போட்டா, நீ எத்தினி சங்கு பாக்கணும்னு நீயே கணக்குப் பாத்துக்க. நான் சங்குப் பக்கம்தான்.

சரி, ஆசாரிக்குப் போன் போட்டுட்டேன். செவ்வாக்கெழமை காலையில வர்றாரு. காலு, கீலு, கொக்கி, முளை எல்லாம் சொல்லிட்டேன், கூலி நீ குடுப்பன்னும் சொல்லிட்டேன். வர்றது வர்றாரு, நம்ம வூட்டுத் திண்ணை பெஞ்சியும் ஒரு காலு இழுத்துகினு இருக்குது, மாட்டுக்கொட்டாய் கதவும் கீலு வுட்டுப்போச்சி. அதையும் ஒம்மேசைக் கணக்குலயே சேர்த்துக்கச் சொல்லியிருக்கேன். பித்தளைக் கீலு மூணு வாங்கறதுக்கு அஞ்சா வாங்கிடு மாப்ளே, ஒரே நடையில முடியட்டும்.